மஹாச்சாய் மீன் சந்தைக்கு ரயிலிலும் படகிலும்: பாங்காக்கிலிருந்து ஒரு நாள் பயண வழிகாட்டி

பாங்காக்கில் தங்கியிருப்பவர்கள் காலையில் கிளம்பி, உள்ளூர் ரயில், படகு, மறுபடி ரயில் என்று மாறிப் போய், மஹாச்சாயில் வயிறார மீனும் நண்டும் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்புவதற்கான வழி இது. போக ஆகும் செலவு 23 பாத் (தாய்லாந்து நாணயம்). முதல் ரயிலுக்கு 10, படகுக்கு 3, இரண்டாம் ரயிலுக்கு 10. திரும்பி வரவும் அதேதான்.

ஆகவே பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், நேரத்தைப் பற்றி யோசியுங்கள். இந்தப் பாதையில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பான் லேம் நிலையத்திலிருந்து ஒரு நாளைக்கு நான்கே நான்கு வண்டிகள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினால், ஆளில்லாத நடைமேடையில் மூன்று மணி நேரம் உட்கார நேரிடும். கீழே உள்ள எல்லாப் படிகளும் அந்த வண்டியை மையமாக வைத்து அடுக்கியவை.

1. பாதையையும் ஊர்ப் பெயர்களையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

பாதை இப்படி: பாங்காக்கின் தோன்புரிப் பகுதியில் உள்ள வோங்வியன் யாய் நிலையம் → மஹாச்சாய், சுமார் ஒரு மணி நேரம். அங்கே தண்டவாளம் முடிந்துவிடும். தாச்சின் ஆற்றைப் படகில் கடந்து தா சலோம் கரை. அங்கிருந்து நடந்து பான் லேம் நிலையம். அங்கே புதிதாக ஒரு தண்டவாளம் தொடங்கி, இன்னொரு மணி நேரத்தில் மேக்லாங். மஹாச்சாய்தான் உண்மையான கடல் உணவு ஊர். மேக்லாங், ரயில் வரும்போது கடைக்காரர்கள் கூரைத் துணியை மடக்கிக்கொள்ளும் அந்தப் பிரபலமான சந்தை.

பெயர்க் குழப்பம் இங்கே நிறைய. மஹாச்சாய் நகரத்தின் அரசுப் பெயர் சமுத் சாக்கோன். மேக்லாங்கின் அரசுப் பெயர் சமுத் சோங்க்ராம். பாங்காக்கின் இன்னொரு பக்கத்தில் சமுத் பிராக்கான் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒரு பெயர், பேருந்துப் பலகையில் வேறு பெயர் என்று பார்த்துப் பலர் ஊர் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பான் லேம் அதைவிட மோசம். பெட்சபுரி மாகாணத்தில் பான் லேம் என்றே ஒரு மாவட்டம் இருக்கிறது. மேக்லாங் ஊருக்குள் வாட் பான் லேம் என்று அழைக்கப்படும் கோவிலும் இருக்கிறது. கூகுள் மேப்பில் வெறும் பெயரைத் தட்டினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது. 'பான் லேம் ரயில் நிலையம், சமுத் சாக்கோன்' என்று தேடி, முதல் நாளே சேமித்து வையுங்கள். தாய்லாந்து எழுத்தில் அந்தப் பெயர் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது உங்கள் உச்சரிப்பைவிட அந்தப் படம் நன்றாகப் பேசும்.

2. பான் லேம் வண்டியைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

பல ஆண்டுகளாக இருந்துவரும் நேரங்கள் இவை.

பான் லேமிலிருந்து மேக்லாங்குக்கு: 7:30, 10:10, 13:30, 16:40.
மேக்லாங்கிலிருந்து பான் லேமுக்கு: 6:20, 9:00, 11:30, 15:30.

பயண நேரம் சுமார் ஒரு மணி. வோங்வியன் யாய் – மஹாச்சாய் தடத்தில் கவலை இல்லை. காலை 5:30 தொடங்கி ஏறக்குறைய மணிக்கு ஒன்று என்று நாள் முழுக்க வண்டி உண்டு.

இதை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகப் போகலாம்.

முதல் திட்டம், நான் பரிந்துரைப்பது: காலை 5:30 வண்டியில் ஏறி, ஆறரை மணி வாக்கில் மஹாச்சாய். சந்தையை ஒரு சுற்று பார்த்துவிட்டுப் படகேறி, 7:30 வண்டியைப் பிடித்தால் 8:30க்கு மேக்லாங். மதியம் 11:30 வண்டியில் திரும்பினால் 12:30க்குப் பான் லேம், ஒரு மணி வாக்கில் மஹாச்சாயில் சாப்பாட்டு மேசை. இந்த வரிசையில் எங்கேயும் வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. மேக்லாங் சந்தைக்குள் ரயில் நுழைவதையும் வெளியேறுவதையும் வண்டிக்குள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்க்கலாம்.

இரண்டாவது திட்டம், அவ்வளவு சீக்கிரம் எழ முடியாதவர்களுக்கு: ஏழு, ஏழரை வாக்கில் வோங்வியன் யாயில் ஏறி, பான் லேமில் 10:10 வண்டி. மேக்லாங் போய்ச் சேர 11:10 ஆகிவிடும். அதே வண்டி 11:30க்குத் திரும்பிவிடும். இருபது நிமிடத்தில் எதையும் பார்க்க முடியாது. அதை விட்டால் அடுத்தது 15:30. ஆக, இந்தத் திட்டத்தில் மேக்லாங்கிலேயே மதியம் சாப்பிட வேண்டியிருக்கும். மஹாச்சாய்க்குத் திரும்ப ஐந்து மணி ஆகும். அப்போது பச்சை மீன் கடைகளில் பாதி கழுவி மூடப்பட்டிருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பொறி இருக்கிறது. 5:30க்குப் பதில் அடுத்த வண்டியில், அதாவது ஆறரை மணி வாக்கில் ஏறினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அது மஹாச்சாய் போய்ச் சேர்வதற்கும் ஆற்றுக்கு அக்கரையில் 7:30 வண்டி கிளம்புவதற்கும் இடையே சில நிமிடங்கள்தான் இருக்கும். 5:30 இல்லையென்றால் நேராக 10:10 திட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

இந்தத் தடத்தில் பராமரிப்பு வேலைக்காக ரயிலை நிறுத்துவதும் உண்டு. 2015இல் மேக்லாங் பகுதியை மூடி, 2016இல்தான் திறந்தார்கள். அதனால் முந்தைய நாள் மாலை விடுதி வரவேற்பறையில் சொல்லித் தாய் ரயில்வேயின் உதவி எண்ணில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

சில்லறை. ஐந்து, பத்து பாத் நாணயங்களும் இருபது பாத் நோட்டுகளும். மூன்று பாத் படகுக்கு ஆயிரம் பாத் நோட்டை நீட்டினால் பின்னால் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் உங்களையே பார்ப்பார்கள். ஏடிஎம் தருவது பெரிய நோட்டுகள்தான், ஆகவே முந்தின இரவே ஏதாவது ஒரு செவன் லெவன் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிவிடுங்கள்.

பிடிப்புள்ள காலணி. மீன் சந்தைத் தரை எப்போதும் நனைந்திருக்கும். ரப்பர் செருப்பு தேய்ந்ததாக இருந்தால் வழுக்கும். புதுத் துணிக் காலணியும் வேண்டாம். மீன் தண்ணீர் ஊறினால் அந்த வாசனை ஊர் வரை கூட வரும்.

ஜிப் வைத்த தடிமனான பிளாஸ்டிக் பைகள் நாலைந்து. கருவாடு, காய்ந்த இறால் எது வாங்கினாலும் கடையில் தருவது மெல்லிய பை.

தொப்பி, தண்ணீர், ஈரத் துடைப்பான். இந்த வண்டிகளில் ஜன்னல் திறந்திருக்கும், மேலே மின்விசிறி சுழலும், அவ்வளவுதான் காற்றோட்டம். கழிப்பறை வேலையை நிலையத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. அதற்கும் சில்லறை கேட்பார்கள்.

முன்பதிவு? தேவையில்லை. இந்த டிக்கெட்டை நிலையக் கவுண்டரில் அந்த நேரத்தில் வாங்கினால் போதும். மேக்லாங் பயணம் என்று இணையத்தில் பெரிய தொகைக்கு விற்கப்படுவது வேன் சுற்றுலா, அதில் ரயில் பயணம் கடைசி ஓரிரு நிலையங்களுக்கு மட்டும் இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

4. சரியான வோங்வியன் யாய்க்குப் போங்கள்

முதல் பெரிய தவறு இங்கேதான். ரயில் என்றதும் ஹுவா லம்போங்குக்கோ புதிய பெரிய நிலையமான குருங் தெப் அபிவாத்துக்கோ போய்விடுகிறார்கள். மேக்லாங் தடம் தாய்லாந்தின் மற்ற ரயில் பாதைகளோடு இணைக்கப்படாத தனித் தடம். அந்த நிலையங்களிலிருந்து இதற்கு வண்டியே கிடையாது.

இரண்டாவது தவறு, பிடிஎஸ் என்னும் மேம்பால நகர ரயிலின் வோங்வியன் யாய் நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே உள்ளூர் ரயிலைத் தேடுவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு இடங்கள். பிடிஎஸ்ஸிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். மன்னர் தக்சின் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை உள்ள பெரிய வட்டச் சாலைதான் அடையாளம். அதற்கு அருகே, கடைகளுக்குப் பின்னால் நிலையம் ஒளிந்துகொண்டிருக்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் சந்தைச் சந்து போலத்தான் தெரியும், உள்ளே போனால் நடைமேடை. தேடும் நேரத்தையும் சேர்த்து அரை மணி ஒதுக்குங்கள். பிடிஎஸ் வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் நிற்பார்கள். தனியாக வருபவர்களுக்கு அது சுலபம்.

சீலோம் சாலையில், வாட் கேக் என்று அங்கு அழைக்கப்படும் நம் மாரியம்மன் கோவில் பக்கம் தங்கியிருந்தால் உங்களுக்கு வசதி. சுரசக் நிறுத்தத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஆற்றைக் கடந்து வோங்வியன் யாய். ஆனால் 5:30 வண்டிக்கு பிடிஎஸ்ஸை நம்ப வேண்டாம், அவ்வளவு அதிகாலையில் நேரம் ஒத்துவராது. கிராப் செயலியில் டாக்சி பிடியுங்கள். ஓட்டுநரிடம் 'சத்தானி ரோட் ஃபை வோங்வியன் யாய்' என்று சொல்லுங்கள். ரயிலைக் குறிக்கும் ரோட் ஃபை என்ற சொல் விட்டுப்போனால் பிடிஎஸ் வாசலில் இறக்கிவிடுவார்.

கவுண்டரில் 'மஹாச்சாய்' என்றால் போதும். மேக்லாங் வரை ஒரே டிக்கெட் கேட்காதீர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டிக்கெட்டை அங்கேதான் எடுக்க வேண்டும்.

5. மஹாச்சாய் வரை

வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். வண்டி தென்மேற்காகப் போவதால் காலை வெயில் பெரும்பாலும் இடப்பக்கத்தில் அடிக்கும்.

முதல் பாதி முழுக்க வீடுகளின் கொல்லைப்புறம். துணி காயும் கொடி, பூந்தொட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரும். கையையும் கேமராவையும் வெளியே நீட்ட வேண்டாம். கிளைகள் வண்டிக்குள்ளேயே அடித்துவிட்டுப் போகும் அளவுக்குப் பாதை குறுகல். பிற்பாதியில் தென்னையும் சதுப்பும் கொஞ்சம் கண்ணில் படும்.

இறங்கும் இடம் பற்றிக் கவலை வேண்டாம். மஹாச்சாய்தான் கடைசி நிறுத்தம், தண்டவாளமே சந்தைக் கடைகளுக்கு நடுவில் போய் முடிகிறது.

6. காலைச் சந்தையில் பாருங்கள், வாங்காதீர்கள்

நிலையத்திலிருந்து வெளியே கால் வைத்ததும் சந்தைதான். இறால் மலை மலையாகக் குவிந்திருக்கும். கணவாய், நீலக்கால் நண்டு, கயிற்றால் கட்டிய சேற்று நண்டு, மட்டி, பச்சை ஓட்டுச் சிப்பி, கானாங்கெளுத்தி, பெயர் தெரியாத நெத்திலி வகைகள். கடைகளில் வேலை செய்பவர்களில் கணிசமானவர்கள் மியான்மரிலிருந்து வந்த தொழிலாளர்கள். கடல் உணவுத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் இது, அந்தத் தொழிலே அவர்கள் கைகளில்தான் ஓடுகிறது. விலைப் பலகைகளில் சில இடங்களில் பர்மிய எழுத்தும் தெரியும்.

இந்த நேரத்தில் எதையும் வாங்கக் கூடாது. இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு வாங்கிய இறாலை வெயிலில் மேக்லாங் வரை தூக்கிக்கொண்டு போய், மறுபடி தூக்கிக்கொண்டு வந்து, மதியம் தூக்கி எறிகிறார்கள். திரும்பும்போதும் இதே வழியாகத்தான் வரப்போகிறீர்கள். இப்போது செய்ய வேண்டியது மூன்று: எந்தக் கடையில் என்ன விலை என்று பார்ப்பது, பிடித்த கடையை ஒரு படமெடுத்து வைப்பது, ஏதாவது சூடாகச் சாப்பிடுவது. காலையில் கஞ்சிக்கடைகள் திறந்திருக்கும். 'ஜோக்' என்று கேட்டால் குழைந்த அரிசிக் கஞ்சி வரும். அதில் பெரும்பாலும் பன்றி இறைச்சி உருண்டை கிடக்கும், வேண்டாமென்றால் 'மை சை மூ' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விலைப் பலகையைப் படிக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தாய்லாந்துச் சந்தையில் கிலோ தவிர 'கீத்' என்று ஓர் அளவு உண்டு, அது 100 கிராம். காய்ந்த இறால், காய்ந்த கணவாய் போன்ற விலை கூடிய பொருள்களைக் கீத் கணக்கில்தான் எழுதி வைப்பார்கள். பலகையில் இருப்பதைக் கிலோ விலை என்று நினைத்து, 'ஆஹா, மலிவு' என்று இரண்டு கிலோ கேட்டுவிட்டுப் பிறகு முகம் மாறுவதை அடிக்கடி பார்க்கலாம்.

7. படகும் நடையும்

சந்தையிலிருந்து ஆற்றை நோக்கிச் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. கட்டணம் 3 பாத். மோட்டார் சைக்கிள்களும் இதே படகில் ஏறும். அவை முதலில் இறங்கட்டும், நீங்கள் ஓரமாக நில்லுங்கள். ஆற்றைக் கடக்கச் சில நிமிடம்தான். மீன்பிடிப் படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டியிருப்பதைப் படமெடுக்க இதுவே நல்ல இடம்.

அக்கரையில் இறங்கிய பிறகுதான் வழி தவறுவது. துறையிலிருந்து நேராகச் சாலைக்கு வந்து, வலப்பக்கம் திரும்பி, அந்தச் சாலையிலேயே பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். ஒரு கோவிலைத் தாண்டியதும் நிலையம் வந்துவிடும். ஆற்றோரத்தில் அமைதியாக ஒரு சின்ன நிலையம், 'இதுதானா?' என்று சந்தேகம் வரும். இதுதான். பெரியவர்கள் கூட இருந்தால் துறையிலேயே மிதிவண்டி ரிக்‌ஷா கிடைக்கும். ஏறும் முன் விலை பேசி, தாய் எழுத்துப் படத்தைக் காட்டுங்கள்.

படகுக்கும் நடைக்கும் சேர்த்து முக்கால் மணி ஒதுக்குங்கள். எல்லாம் சரியாக நடந்தால் அரை மணிதான் ஆகும். மீதிக் கால் மணி, படகு அக்கரையில் நிற்கும் சமயத்தில் நீங்கள் வந்து சேர்ந்தால் ஈடுகட்ட. முதல் திட்டத்தில் வருபவர்கள் இதனால்தான் சந்தையில் கால் மணிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆறே முக்காலுக்குப் படகுத்துறையில் இருந்தாக வேண்டும்.

8. உப்பளங்கள் வழியே மேக்லாங்

பான் லேம் கவுண்டரில் டிக்கெட் எடுங்கள், 10 பாத். வண்டியில் பெட்டிகள் குறைவு. வெள்ளிக்கிழமை முதல் ஞாயிறு வரை கூட்டமாக இருக்கும்.

இந்தத் தடத்தின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் உப்பளங்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது, ஆனால் ரயில் அவ்வளவு நெருக்கமாகப் போவது தனி சுகம். மழை விட்ட வறண்ட மாதங்களில்தான் உப்புக் குவியல் தெரியும், மழைக்காலத்தில் வெறும் தண்ணீர்ப் பாத்திகள்தான். அப்புறம் இறால் குட்டைகள், சதுப்புக் காடு.

மேக்லாங் நெருங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து முன்னால் முண்டுவார்கள். அதற்குள் நீங்கள் ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். கூரைத் துணிகள் ஜன்னலை உரசும், தக்காளித் தட்டுகள் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். கை, கைபேசி, தலை எல்லாம் உள்ளே.

9. மேக்லாங்கில் எங்கே நிற்பது

8:30க்கு இறங்கினால் அடுத்த அரை மணியில் அதே வண்டி திரும்பிக் கிளம்பும். உடனே சந்தைக்குள் நடந்து, நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்விடுங்கள். நிலைய வாசலருகே வேன் சுற்றுலாக் கூட்டம் முழுக்க நிற்கும், அங்கே உங்களுக்குத் தெரிவது மற்றவர்களின் கைபேசித் திரைகள்தான்.

தரையில் போட்டிருக்கும் கோட்டுக்கு உள்ளே, கடைக்காரர்கள் காட்டும் இடத்தில் முதுகை ஒட்டி நில்லுங்கள். தோள்பையை முன்பக்கம் மாற்றாதீர்கள், அது வயிற்றுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கழற்றிக் காலடியில் வையுங்கள். வண்டி மெதுவாகத்தான் வரும், அந்த மெதுவே ஆட்களை ஏமாற்றுகிறது. படிக்கட்டும் கைப்பிடியும் பெட்டியைவிடக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும்.

9:00 வண்டி போன பிறகு கூட்டம் கலையும். 11:10 வண்டி வரும் வரை இரண்டு மணி நேரம் உங்களுக்கு. இங்கே பார்க்க வேண்டியது 'ப்லா தூ'. நம் கானாங்கெளுத்தியின் நெருங்கிய உறவு, உடம்பு கொஞ்சம் குட்டை. அவித்து, தலையை வளைத்து, சின்ன மூங்கில் கூடையில் இரண்டிரண்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். கூடைக்குள் அடங்குவதற்காகக் கழுத்தை ஒடித்து வைப்பது இந்த ஊர் வழக்கம். அது பச்சை மீன் அல்ல, உப்பு நீரில் வெந்தது. எண்ணெயில் வறுத்தால் போதும். இறால் விழுதில் அரைத்த மிளகாய்ச் சட்னி, வேகவைத்த காய்கறியோடு வறுத்த ப்லா தூவைச் சாப்பாட்டுக் கடைகளில் கேட்டுச் சாப்பிடுங்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும் சாப்பாடு அது. வயிற்றை நிரப்பிவிடாதீர்கள், மதியம் இருக்கிறது.

11 மணிக்கு நிலையத்தில் இருங்கள், டிக்கெட் வரிசை நீளும். 11:10 வண்டி உள்ளே வருவதை நடைமேடை முனையிலிருந்தே பார்த்துவிட்டு அதிலேயே ஏறிவிடலாம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் ஒரு கிளைவழி உண்டு: இங்கிருந்து சாங்தேவ் என்னும் பகிர்வு வண்டியில் அம்பாவா மிதக்கும் சந்தை. ஆனால் அது மதியத்துக்கு மேல்தான் களைகட்டும். அங்கே போனால் மஹாச்சாய்ச் சாப்பாட்டை மறந்துவிட்டு, இரவு வேனில் பாங்காக் திரும்ப வேண்டியதுதான். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்று அலைபவர்கள் இரண்டையும் சரியாகப் பார்ப்பதில்லை.

10. மதியச் சாப்பாடு

12:30க்குப் பான் லேம், மறுபடி நடை, படகு. படகுத்துறையை ஒட்டி ஆற்றைப் பார்த்த கடல் உணவுக் கடைகள் இருக்கின்றன. சந்தைக்கு உள்ளேயும் சின்னக் கடைகள் உண்டு. ஆற்றுக்காட்சி உள்ள கடையில் விலை கூடும், ஆனால் படம் போட்ட பட்டியல் இருப்பதால் முதல்முறை வருபவர்களுக்கு அதுவே வசதி.

ஆர்டர் செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் நண்டையும் மீனையும் கண்ணாடித் தொட்டியிலோ பனிக்கட்டித் தட்டிலோ போய்ப் பாருங்கள், பிறகு எடை போடச் சொல்லுங்கள், அதன் பிறகு மொத்த விலை கேளுங்கள், கடைசியில்தான் சமைக்கச் சொல்ல வேண்டும். முழு மீனும் நண்டும் எடைக்கணக்கு. பட்டியலில் தெரியும் எண் ஒரு தட்டுக்கு அல்ல, கிலோவுக்கோ கீத்துக்கோ இருக்கலாம். 'தாவ் ராய்' என்று கேட்டுக் கைபேசிக் கணக்குப்பொறியை நீட்டினால் அவர்களே எண்ணைத் தட்டித் தருவார்கள்.

சமைக்கும் விதத்துக்கு நாலு சொல் போதும். 'நுங்' ஆவியில் வேகவைத்தது, 'பாவ்' சுட்டது, 'தோத்' பொரித்தது, 'பாத்' வதக்கியது. புதிய மீன் கிடைக்கும் ஊரில் பொரிக்கச் சொல்வது வீண். எலுமிச்சையும் பூண்டும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன், வெறுமனே அவித்த நண்டு, சுட்ட இறால், இவை மூன்றும் நாலு பேருக்குச் சரியாக இருக்கும். சோறு தனியாகக் கேட்க வேண்டும்.

கூடவே வரும் பச்சைத் தொக்கு போன்ற சாஸில் சின்ன மிளகாயைப் பச்சையாக அரைத்திருப்பார்கள். 'நாங்கள் ஆந்திரா ஊறுகாயே சாப்பிடுவோம்' என்று வீரம் பேசியவர்கள் தண்ணீர் தேடி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். நுனி விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சிலவற்றை விட்டுவிடுங்கள். மீன் சாஸில் ஊறிய பச்சை இறால் பயணத்தில் இருப்பவர்களுக்கு வேண்டாம். மட்டியை இங்கே அரை வேக்காட்டில் தருவது வழக்கம், நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். லாட நண்டின் முட்டையைச் சுட்டுச் சாலட்டாக விற்பார்கள். அதில் வால் உருண்டையாக இருக்கும் இனத்தில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், சமைத்தாலும் அது போகாது. தாய்லாந்தில் அதைச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. தட்டில் வந்த பிறகு வால் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? மொத்தமாக ஒதுக்கிவிடுவதே சரி.

சைவர்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இந்தப் பயணத்தில் அவர்கள் பழமும் இளநீரும்தான் சாப்பிட முடியும். காய்கறி வதக்கலிலும் மீன் சாஸ் இருக்கும். கையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள்.

11. இப்போது வாங்குங்கள்

விடுதியில் தங்கியிருப்பவர்கள் பச்சை மீன் வாங்கி என்ன செய்யப் போகிறார்கள்? அவர்கள் உலர் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுப்பு உள்ள வீட்டில் தங்கியிருந்தால் மட்டும் பச்சை மீன்.

காய்ந்த இறாலில் ஒரே மாதிரிப் பளிச்சென்று சிவந்திருப்பதைத் தவிர்க்கவும், அது சாயமாக இருக்கலாம். கொஞ்சம் மங்கிய, ஒன்றுக்கொன்று நிறம் வேறுபடும் இறாலே நல்லது. இரண்டை எடுத்து அழுத்திப் பாருங்கள், ஈரமாக ஒட்டினால் எடைக்காகச் சரியாகக் காய வைக்கவில்லை என்று அர்த்தம். மென்று பார்க்கக் கேட்டால் பெரும்பாலான கடைகளில் தருவார்கள். உப்பு கரித்தால் அடுத்த கடை.

மீனுக்கு நம் ஊர்ச் சோதனைகளே: செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் குழி விழாமல். நண்டைத் தூக்கிப் பாருங்கள், உருவத்துக்கு ஏற்ற கனம் இல்லையென்றால் உள்ளே சதை இல்லை. சேற்று நண்டைக் கட்டியிருக்கும் கயிறும் எடையில் சேரும், தடித்த கயிறு நனைந்திருந்தால் இன்னும் கனம். மெல்லிய கயிற்றில் கட்டியதைத் தேர்ந்தெடுங்கள். பச்சை மீனுக்குத் தெர்மாகோல் பெட்டியும் பனிக்கட்டியும் சந்தையிலேயே கிடைக்கும். பெட்டியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டச் சொல்லுங்கள், பனி உருகித் தண்ணீர் ஒழுகாமல் இருக்க.

மீன் சாஸ் பாட்டிலும் இறால் விழுதும் விமானத்தில் கைப்பையில் போகாது, 100 மில்லியைத் தாண்டினால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெட்டியில் போடுவதென்றால் ஜிப் பை இரண்டு அடுக்கு.

12. வண்டி தவறிவிட்டால்

7:30ஐயோ 10:10ஐயோ தவறவிட்டால் பான் லேமில் காத்திருக்காதீர்கள். படகில் திரும்பி வந்து மஹாச்சாயிலேயே நாளைக் கழியுங்கள். மேக்லாங் போகவில்லை என்பதால் இந்தப் பயணம் கெட்டுப்போகாது, சாப்பாடு இங்கேதான் இருக்கிறது.

மேக்லாங்கில் 11:30ஐத் தவறவிட்டால் 15:30 வரை காத்திருக்கலாம், அல்லது ஊருக்குள்ளிருந்து பாங்காக் தெற்குப் பேருந்து நிலையத்துக்குப் போகும் வேனைப் பிடிக்கலாம். வேன்கள் ராமா 2 சாலை வழியாகப் போகும். அந்தச் சாலையில் கட்டுமான வேலையும் நெரிசலும் ஆண்டுக்கணக்கில் தீர்ந்தபாடில்லை. மாலையில் எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடவே முடியாது. அன்று இரவு விமானம் இருப்பவர்கள் இந்தப் பயணத்தையே வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

15:30 வண்டியைத் தவறவிட்டால் அன்று மேக்லாங்கிலிருந்து வேறு ரயில் இல்லை. வேன்தான்.

13. திரும்பும் ரயில்

மஹாச்சாயிலிருந்து வோங்வியன் யாய்க்கு மாலை ஏழு மணி வாக்கில் கடைசி வண்டி. ஐந்து மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. மூன்று மணி வாக்கில் ஏறினால் இடமும் கிடைக்கும், இருட்டுவதற்குள் விடுதிக்கும் போய்விடலாம். ஆறு மணிக்கு நிலையத்தில் நின்றால் தேசிய கீதம் ஒலிக்கும், சுற்றியுள்ளவர்கள் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நின்றுவிடுங்கள். காலை எட்டு மணிக்கும் இதே வழக்கம்.

மீன் பெட்டியை இருக்கையில் வைக்க வேண்டாம், கதவோரம் தரையில் வையுங்கள். வோங்வியன் யாயில் இறங்கிய பிறகு, பச்சை மீனோ இறால் விழுதோ கையில் இருந்தால் பிடிஎஸ் வேண்டாம். வாசனை வந்தால் நுழைவாயிலில் நிறுத்தலாம். நிலைய வாசலில் டாக்சி பிடித்து, பெட்டியைப் பின் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். ஏறும் முன்பே உள்ளே மீன் இருப்பதை ஓட்டுநரிடம் காட்டிவிடுவது நல்லது. சிலர் மறுப்பார்கள், அடுத்த வண்டிக்காரர் ஏற்றிக்கொள்வார்.